பேய் முகம்! பாட்டாளி நெஞ்சம்!

1969ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாளைத் தமிழகம் மறக்காது. அண்ணன் மறைந்த நாள்! அன்று ஊர்கள் உறங்கவில்லை; உலைகள் கொதிக்கவில்லை; கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு மக்கள் சென்னை நோக்கிப் புறப்பட்டனர். அதற்கு முந்திய நாள், பிப்ரவரி 2ஆம் நாள், இங்கிலாந்தில் சசெக்ஸ் வட்டாரத்திலே, மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் உள்ள மருத்துவமனையில், 81 வயது முதியவர் ஒருவர் கண்மூடினார். அந்தச் சாவைக் காண அன்று நமக்குக் கண் இல்லை, கண்ணீர்தான் இருந்தது.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அந்த முதியவரைப் பற்றி இன்று நாம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் மன்னரல்லர், மாபெரும் தத்துவ ஞானியுமல்லர். நடிகர். அழகு நடிகரா? அல்லர்! அவர் முகத்தைத் திரையிலே கண்டு குழந்தைகள் தாயின் மடியில் முகம் புதைத்தன. பெரியவர்கள் கூட நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டனர். பிணத்தின் முகம், பேயின் முகம் என்று உலகம் அஞ்சிய முகம் அது. போரிஸ் கார்லாஃப் என்பது அவர் பெயர்.

அந்த முகத்தை உலகம் அறியும். முகத்துக்குப் பின்னே இருந்த மனிதரை அறிந்தவர் சிலர். அந்த மனிதர் செய்த ஒரு செயலை அறிந்தவர் அதனினும் சிலர். ஆலையிலும் அச்சுக்கூடத்திலும் பணிமனையிலும் உழைத்துவிட்டு வந்து இந்த ஏட்டைப் பிரிக்கும் தோழன் அறியவேண்டிய செயல் அதுதான். ஆகவே கதையை முதலிலிருந்தே சொல்லுவோம்.

1887ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், இலண்டன் மாநகரின் தென்பகுதியிலே பிறந்த அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் வில்லியம் ஹென்றி பிராட். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை யார் தெரியுமா? இந்தியாவை வெள்ளையர் ஆண்ட காலத்திலே, இங்கே உப்பு வரித் துறையில் அலுவல் பார்த்தவர்! ஏழையின் கஞ்சியிலே விழும் ஒரு கல் உப்புக்கும் வரி கேட்டதே ஓர் ஆட்சி, அந்த ஆட்சியின் அலுவலர். தாயைப் பெற்ற பாட்டியோ, சயாம் மன்னரின் அரண்மனையில் ஆசிரியையாக இருந்து பெயர் பெற்ற அன்னா லியோனோவென்ஸ் அம்மையாரின் உடன்பிறந்தவர். அந்தக் குடும்பத்தின் குருதியிலே இந்திய மண்ணும் கலந்திருந்தது. வெள்ளைத் தோல்தான் உயர்வு என்று விதி வகுத்திருந்த நாட்டிலே, சற்றே கருத்த மேனியோடு பிறந்தான் சிறுவன்.

குறை அது ஒன்றுதானா? கால்கள் வளைந்தவை. நாக்கோ திக்கும். திக்குவாயைப் பின்னாளில் பழகிப் பழகி அடக்கிக்கொண்டார். ஆனால் சில எழுத்துகளைச் சொல்லும்போது எழும் மழலை இறுதி நாள்வரை அவரை விட்டுப் போகவில்லை. தாயோ சிறு வயதிலேயே மறைந்துவிட்டார். தந்தையின் நிழலும் தங்கவில்லை. மூத்தவர்கள் கையில் வளர்ந்தான் இளையவன்.

அண்ணன்மார் அரசு அலுவல் தேடிப் போனவர்கள். அவர்களுள் ஒருவர் சீன நாட்டிலே பிரிட்டிஷ் தூதரகப் பணியில் உயர்ந்து, சர் பட்டமும் பெற்றவர். தம்பியும் அவ்வழியே போகவேண்டும் என்று குடும்பம் எண்ணிற்று. நல்ல பள்ளிகளில் படிக்க வைத்தனர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் சேர்த்தனர். ஆனால் பையனின் உள்ளம் நாடக மேடையைச் சுற்றிக்கொண்டிருந்தது! கல்லூரிப் படிப்பு முடியவில்லை. 1909ஆம் ஆண்டு, 21 வயது இளைஞன், கப்பலேறிக் கனடா நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டான்.

கனடாவில் அவனுக்காக மேடை காத்திருந்ததா? இல்லை, மண்வெட்டிதான் காத்திருந்தது! பண்ணையிலே கூலி வேலை. பிறகு பள்ளம் தோண்டும் வேலை. காடு திருத்தும் வேலை. துரைமகனாக வளர்க்கப்பட்ட பிள்ளையின் உள்ளங்கையில் காப்பு காய்த்தது. அந்தக் காப்பு பிற்பாடு மறைந்திருக்கலாம். அது கற்பித்த பாடம் மறையவில்லை. இதைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் தேவைப்படும்.

1911ஆம் ஆண்டில் ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் கம்பெனி ஒன்றிலே இடம் கிடைத்தது. அப்போது பூண்ட பெயர்தான் போரிஸ் கார்லாஃப். பெயரை ஏன் மாற்றவேண்டும்? கூத்தாடி என்னும் சொல்லை வசையாக எறியும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று, தோழர்களே! அரசு அலுவலர் குடும்பத்திலே ஒருவன் வேடம் கட்டினான் என்றால் அண்ணன்மாருக்குத் தலைகுனிவு ஏற்படுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. பெயரை மறைத்துக்கொண்டார். ஆனால் சட்டப்படி மாற்றவில்லை. முத்திரைத்தாளில் கையெழுத்திடும்போது கடைசிவரை வில்லியம் பிராட்தான். குடியுரிமையிலும் கடைசிவரை பிரிட்டிஷ்காரர்தான்.

நாடகக் கம்பெனி வாழ்க்கை எத்தகையது என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். வசூல் உண்டானால் சோறு, இல்லையேல் பட்டினி. 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், கனடாவின் ரெஜைனா நகரைப் பெரும் சூறாவளி தாக்கிற்று. நகரம் நொறுங்கிற்று. நாடகக் கலைஞர்களும் இடிபாடுகளை அகற்றும் பணியிலே இறங்கினர். கார்லாஃப் அவர்களில் ஒருவர். வேடம் கட்டிய கை மீண்டும் மண்ணை அள்ளிற்று. அதன்பின் எல்லை கடந்து அமெரிக்க நாட்டுச் சிற்றூர்களிலே நாடகம். வாரந்தோறும் புது நாடகம், புது வேடம், புது மனப்பாடம். இன்று கிழவன், நாளை கள்வன், மறுநாள் பாதிரி. பல வேடங்களில் பின்னாளில் உலகம் அவரைக் கண்டு வியந்ததே, அந்தத் திறமைக்கு நாற்றங்கால் இந்தச் சிற்றூர் மேடைகள்தாம்.

முதல் உலகப் போர் ஓயும் காலத்திலே ஹாலிவுட் வந்து சேர்ந்தார். அங்கே பேசாப் படங்கள் பெருகிக்கொண்டிருந்த நேரம். கூட்டக் காட்சியிலே நிற்க ஆள் வேண்டும், நின்றார். அன்றைய கூலியைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தார். கொஞ்சம் பெரிய வேடம் கிடைத்தால் என்ன வேடம்? அராபியர், மெக்சிகோக்காரர், செவ்விந்தியர், இந்தியர்! மேனி சற்றே கருத்திருந்ததல்லவா? கருத்தவன் என்றால் கதாநாயகனாக முடியாது, கத்தி தூக்கும் கயவனாகத்தான் வரவேண்டும் என்பது படமுதலாளிகள் எழுதிவைத்த மநு நீதி! பாட்டியின் மண் தந்த நிறம், பேரனுக்கு வில்லன் வேடத்தைத் தேடித் தந்தது.

அந்த வேடமும் நாள்தோறும் கிடைப்பதில்லை. படம் இல்லாத நாளில் வயிறு சும்மா இருக்குமா? கட்டட வேலைக்கான சுண்ணச் சாந்து மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரியை ஓட்டினார். மூட்டைகளை ஏற்றி இறக்கினார். மீண்டும் பள்ளம் தோண்டினார். அந்தக் கடும் உழைப்பு முதுகெலும்பிலே வலியாக இறங்கி, வாழ்நாள் முழுவதும் கூடவே இருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, பத்து ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே சென்றது காலம். நாற்பது வயதும் கடந்தது. புகழ் என்ற பெண் அவர் தெருப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

1931ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்க நாட்டிலே பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டு. வங்கிகள் கவிழ்ந்தன, ஆலைகள் மூடின, ரொட்டித் துண்டுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அந்த ஆண்டில்தான் யூனிவர்சல் கம்பெனி, மேரி ஷெல்லி என்ற ஆங்கில எழுத்தாட்டி 1818இல் வெளியிட்ட கதையைப் படமாக்க முனைந்தது. பிராங்கன்ஸ்டைன் என்னும் விஞ்ஞானி, பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து, மின்னலால் உயிரூட்டுகிறான். உயிர் பெற்று எழும் உருவத்துக்குப் பெயர் இல்லை. படைத்தவனின் பெயரைத்தான் உலகம் அதற்கும் சூட்டிக்கொண்டது. பெயரில்லாத அந்தப் படைப்பின் வேடத்துக்கு ஆள் தேடினார் இயக்குநர் ஜேம்ஸ் வேல். அவர் கண்ணிலே பட்டார் கார்லாஃப்.

ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் என்பவர். நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அந்த முகத்தின்மேல் வேலை செய்வார். பஞ்சும் பசையும் அடுக்கி நெற்றியை உயர்த்துவார்; கழுத்திலே ஆணிகளைப் பதிப்பார்; இமைகளைக் கனக்க வைப்பார். கட்டுப்பல்லைக் கழற்றி ஒரு பக்கக் கன்னம் குழி விழச் செய்துகொண்டார் கார்லாஃப். காலிலே கனத்த காலணிகள். உடலுக்கு மேலே திணித்துத் தைத்த உடை. கொதிக்கும் கோடைக்காலத்திலே, கண்ணைக் கூசும் விளக்குகளின்கீழே, அந்தச் சுமையோடு நடக்கவேண்டும், ஓடவேண்டும், ஓர் ஆளைத் தோளிலே தூக்கிக்கொண்டு மேடேறவேண்டும். ஏற்கெனவே மூட்டை சுமந்து நொந்த முதுகு அது!

படத்திலே அந்த உருவத்துக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. உறுமல், முனகல், அவ்வளவே. ஆனால் பாருங்கள், ஒரு காட்சி. இருட்டறையிலே அடைத்து வைத்திருக்கிறார்கள். கூரைச் சாளரம் திறக்கப்படுகிறது. வாழ்வில் முதன்முதலாக ஒளி விழுகிறது. உருவம் அண்ணாந்து பார்க்கிறது. இரு கைகளையும் மெல்ல உயர்த்துகிறது. ஒளியை ஏந்திக்கொள்ளத் துடிக்கிறது. சாளரம் மூடப்படுகிறது. அப்போது அந்த விரல்கள் கெஞ்சுகின்றனவே, அதைக் கண்டவன் பேயைக் கண்டேன் என்று சொல்லமாட்டான். ஏதுமறியாக் குழந்தையைக் கண்டேன் என்பான். அந்தக் குழந்தையைச் சங்கிலியால் கட்டினார்கள், சவுக்கால் அடித்தார்கள், தீப்பந்தத்தைக் காட்டி மிரட்டினார்கள். அடித்து அடித்துத்தான் அதைப் பேயாக்கினார்கள். பிறகு, பேய் வந்தது, பேய் வந்தது என்று ஊரே கூடித் துரத்திற்று!

எத்தனை மக்களினத்தை இப்படி உருவாக்கி, ஒதுக்கி, பிறகு பழி சுமத்தியிருக்கிறது உலகம்! தீண்டாதவன் என்று தள்ளிவைத்துவிட்டு, அவன் தூய்மையில்லாதவன் என்று தூற்றவில்லையா? படிக்கவிடாமல் தடுத்துவிட்டு, அவனுக்கு அறிவில்லை என்று கைகொட்டவில்லையா? கார்லாஃப் அந்த உருவத்தை அப்படித்தான் புரிந்துகொண்டு நடித்தார். அவருக்குக் கடிதம் எழுதிய குழந்தைகளும் அதைப் புரிந்துகொண்டார்கள். அஞ்சியதைக் காட்டிலும் அதிகமாக அவர்கள் அந்த உருவத்துக்காக இரங்கினார்கள் என்பதில் அவருக்குப் பெருமகிழ்ச்சி.

படம் 1931 நவம்பரில் வெளிவந்தது. வெற்றி என்றால் சாதாரண வெற்றியா? பஞ்சத்தில் இருந்த மக்கள் காசு கொடுத்துக் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்தார்கள். ஆனால் படத்தின் தொடக்கத்திலே, அந்த வேடம் தாங்கியவர் பெயருக்கு நேரே என்ன இருந்தது? ஒரு கேள்விக்குறி! ஆம், பெயர் இல்லை, வெறும் கேள்விக்குறி. விளம்பரத் தந்திரம் என்பார்கள். இருக்கட்டும். சிறப்புத் தொடக்கக் காட்சிக்கு அழைப்பாவது அனுப்பினார்களா? அதுவும் இல்லை! கட்டடம் எழுப்பியவனைப் புதுமனை புகுவிழாவுக்கு அழைக்காத முதலாளியை நாம் கண்டதில்லையா? அந்த வகைதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் படப்பிடிப்பின்போது ஒருமுறை, விடியுமுன் ஒப்பனைக்கு உட்கார்ந்தவர், ஒரு பகல் போய், ஓர் இரவு போய், 25 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தபின்தான் விடுவிக்கப்பட்டார். ஒரு நாளுக்கு 24 மணி நேரந்தான் என்று இயற்கை வகுத்திருக்கிறது. படமுதலாளி அதற்கும் மேலே ஒரு மணி நேரம் கறந்துவிட்டான்! கேட்பார் இல்லை. கேட்க ஒரு சங்கம் இல்லை. நடிகர்களுக்கென்று ஓர் அமைப்பு 1927 முதல் இருக்கத்தான் செய்தது. திரைப்படக் கலை, அறிவியல் அகாடமி என்று பெயர். ஆனால் அதைத் தொடங்கி வைத்ததே படமுதலாளிகள்! பூனை கூட்டிவைத்த எலிகள் மாநாடு எலிகளுக்கு என்ன நியாயம் வழங்கும்?

1933ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற நேரம். நாடு முழுவதும் வங்கிகள் மூடப்பட்டன. உடனே ஹாலிவுட் முதலாளிகள் கூடினார்கள். ஊதியத்தில் சரிபாதி வெட்டு, எட்டு வாரத்துக்கு என்று அறிவித்தார்கள். வெட்டு யார்மேல் விழுந்தது? நடிகர்கள்மேல், எழுத்தாளர்கள்மேல். விளக்குப் பிடிப்போர், தச்சு வேலை செய்வோர், மேடைத் தொழிலாளர், இவர்களுக்கு வலிமையான சங்கம் இருந்தது. அவர்கள் வெட்டை ஏற்க மறுத்தார்கள். படப்பிடிப்பு நிலையங்கள் நின்றே போயின! திரையிலே சிங்கத்தோடு மல்லுக்கு நின்ற வீராதி வீரர்கள் பாதிச் சம்பளத்தைக் கைகட்டி வாங்கிக்கொண்டிருக்க, சுத்தியல் பிடித்த தொழிலாளி நிமிர்ந்து நின்று முடியாது என்றான். சங்கம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

அந்தப் பாடத்தை உடனே படித்தவர்கள் சிலர். கென்னத் தாம்சன் என்னும் நடிகரின் வீட்டிலே ஒரு கைப்பிடி நடிகர்கள் கூடினார்கள். ரால்ஃப் மார்கன், ஆப்ரி ஸ்மித் போன்றோர். அவர்களோடு போரிஸ் கார்லாஃப்! வெளிப்படையாகப் பேசமுடியாது. செய்தி கசிந்தால் மறுநாள் வேலை இருக்காது. ஆகவே ஆள் சேர்க்கும் பேச்சு எங்கெங்கோ நடந்தது. ஹாலிவுட்டிலே ஆங்கிலேயர்கள் கிரிக்கெட் ஆடும் கழகம் ஒன்று இருந்தது. அங்கே ஆட்டத்துக்கு வந்தவர்களிடம் சங்கத்தைப் பற்றிப் பேசினார்கள் ஸ்மித்தும் கார்லாஃப்பும். பார்ப்பவர்கள் கண்ணுக்குப் பந்தாட்டம். நடந்ததோ உரிமைக்குப் படை திரட்டும் வேலை!

1933ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திரை நடிகர் சங்கம் பதிவாயிற்று. கார்லாஃப்பின் உறுப்பினர் எண் 9.

அந்த ஒன்பதாம் எண்ணைத் தோழர்கள் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். இருபது ஆண்டு வறுமைக்குப் பிறகு, அப்போதுதான் அவருக்குப் பணம் வரத் தொடங்கியிருந்தது. பிராங்கன்ஸ்டைன் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஒப்பந்தம் கையில், சுவரொட்டியிலே பெரிய எழுத்தில் பெயர், கேள்விக்குறி போய்விட்டது. நாம் பிழைத்துக்கொண்டோம், கூட்டக் காட்சிக்காரன் எப்படிப் போனால் நமக்கென்ன என்று இருந்திருக்கலாம். அப்படி இருந்த பெரிய நட்சத்திரங்கள் உண்டு. முதலாளியின் சினத்துக்கு ஆளாகி, ஏறிய ஏணியிலிருந்து ஒரே நாளில் உருண்டிருக்கலாம். ஆனால் கனடாவில் பள்ளம் தோண்டியவன், சாந்து மூட்டை சுமந்தவன், 25 மணி நேரம் முகமூடியோடு நின்றவன், தன்னந்தனியே தப்பித்துக்கொள்வதை வாழ்வென்று கருதவில்லை. அன்றாடக் கூலிக்கு நிற்கும் துணை நடிகனின் இடத்திலிருந்து வந்தவர் அவர். வந்த இடத்தை மறக்கவில்லை.

சங்கம் வளர்ந்தது. நடிகர் ஊதியத்துக்கு உச்சவரம்பு கட்டும் விதிகளை முதலாளிகள் புகுத்த முனைந்தபோது, அவ்வாண்டு அக்டோபரில், புகழ்மிக்க நடிகர்கள் திரண்டு வந்து சேர்ந்தனர். 1935இல் தொழிலாளர் கூட்டுபேர உரிமைக்குச் சட்டம் வந்தது. ஆயினும் முதலாளிகள் சங்கத்தை ஏற்க மறுத்தே வந்தனர். 1937இல் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக உறுப்பினர்கள் வாக்களித்தனர். அதன் பின்னர்தான், அவ்வாண்டு மே 15ஆம் நாள், முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நான்கு ஆண்டுப் போராட்டம்! குறைந்த அளவு கூலி, வேலை நேரத்துக்கு வரையறை, ஓய்வு நேரம், எல்லாம் ஏட்டிலே எழுத்தாயின. கார்லாஃப் அதன்பின்னும் பல ஆண்டுகள் சங்கத்தின் நிருவாகப் பொறுப்பிலே உழைத்தார். விருந்திலே புகழ் தேடவில்லை. கூட்டத்திலே கணக்குப் பார்த்தார்.

இதனிடையே நடிப்புத் தொழில் ஓய்ந்ததா? இல்லை! 1932இல் 'தி மம்மி' என்ற படத்திலே எகிப்து நாட்டுப் பிணமாக எழுந்து வந்தார். துணி சுற்றி முடிக்கவே எட்டு மணி நேரம். 1934இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி லாஸ்ட் பேட்ரோல்' படத்திலே பாலைவனத்தில் மதவெறி தலைக்கேறிப் பித்தான படைவீரன். 1935இல் ஒரே படத்திலே நல்லவனும் தீயவனுமாக இரட்டைப் பிறவிகள். அதே ஆண்டு 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்' படத்திலே அந்தப் பெயரில்லா உருவத்துக்கு முதன்முதலாகப் பேச்சு வந்தது. கண்ணில்லாத முதியவர் ஒருவர் ரொட்டியும் நட்பும் தந்து பேசக் கற்றுத்தரும் காட்சி, கல் நெஞ்சையும் கரைக்கும். 1939இல் மூன்றாம் முறை அந்த வேடம். அத்தோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார். காசு கிடைக்கிறது என்று அதே பேயை ஆட்டி ஆட்டி மலினப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை.

1933இல் ஒரு படத்துக்காக இங்கிலாந்து சென்றார். கால் நூற்றாண்டுக்கு நெருங்கிய பிரிவு. கூத்தாடித் தம்பியை அண்ணன்மார் எப்படி வரவேற்பார்களோ என்று தயங்கித் தயங்கிப் போனார். அவர்களோ, தம்பியோடு நின்று படம் எடுத்துக்கொள்ள முந்திக்கொண்டார்கள்! யாருக்குத் தலைகுனிவு என்று அஞ்சிப் பெயரை மறைத்தாரோ, அவர்களே தலைநிமிர்ந்து நின்றார்கள்.

1941ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரிலே பிராட்வே மேடை ஏறினார். 'ஆர்சனிக் அண்டு ஓல்ட் லேஸ்' என்னும் நகைச்சுவை நாடகம். அதிலே அவர் ஒரு கொலைகாரன். எவனாவது அவனைப் பார்த்து, நீ போரிஸ் கார்லாஃப் போல இருக்கிறாய் என்று சொல்லிவிட்டால் சினம் பொங்கிவிடும்! தம் முகத்தைத் தாமே கேலி செய்துகொள்ளும் துணிவு எத்தனை நடிகர்களுக்கு வரும்? அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. போர்க்காலத்தில் பசிபிக் தீவுகளிலே படைவீரர்களுக்கும் அந்த நாடகத்தை நடித்துக் காட்டினார். 1950இல் 'பீட்டர் பான்' என்னும் குழந்தைகள் நாடகத்திலே கொக்கிக் கையுடைய கடற்கொள்ளைத் தலைவன். 1955இல் 'தி லார்க்' என்னும் நாடகத்திலே, ஜோன் ஆஃப் ஆர்க் என்ற வீரப் பெண்ணை விசாரிக்கும் பிஷப் கோஷோன். அந்த வேடத்துக்காக, அமெரிக்க மேடையின் உயர்ந்த விருதான டோனி விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. திக்குவாய்ச் சிறுவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான், பார்த்தீர்களா?

தொலைக்காட்சி வந்தது. திரையுலகப் பெரியவர்கள் பலர், சின்னப் பெட்டியிலே போய் நடிப்பதா என்று முகம் சுளித்தனர். கார்லாஃப் சுளிக்கவில்லை. மேடை பெரிதோ சிறிதோ, தொழில் தொழில்தான் என்பது அவர் கருத்து. 1949லேயே தம் பெயரில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஒரு கண்ணை மறைத்த துப்பறியும் அதிகாரி கர்னல் மார்ச்சாக ஒரு தொடர் முழுதும் நடித்தார். 1958இல் ஜோசப் கான்ராடின் கதையொன்றில், காங்கோ மக்களைச் சுரண்டி இருளில் மூழ்கிய வெள்ளைக்காரன் குர்ட்ஸ். 1960 முதல் 1962 வரை 'திரில்லர்' என்னும் தொடரிலே, வாரந்தோறும் கதையை அறிமுகம் செய்து வைக்கும் பெரியவர். 1966இல் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கருத்தோவியப் படம் ஒன்றுக்குக் குரல் கொடுத்தார். அந்த இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. எந்த முகத்தைக் கண்டு குழந்தைகள் நடுங்கினவோ, அந்த முகத்துக்குரியவரின் குரலைக் கேட்டுக்கொண்டே குழந்தைகள் தூங்கப் போயின. ஹாலிவுட் நடைபாதையிலே அவருக்கு இரண்டு நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள். ஒன்று திரைப்படத்துக்கு, ஒன்று தொலைக்காட்சிக்கு.

அவரிடம் குறையே இல்லையா? நாம் துதிபாடிகள் அல்லர். உள்ளதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 1932இல் 'ஃபூ மாஞ்சு' என்னும் சீனக் கொடியவனாக நடித்தார். சீனர் அனைவரும் வஞ்சகர், வெள்ளையரை விழுங்க வருபவர் என்ற நஞ்சை ஊட்டிய படம் அது. நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட அவரே, இன்னொரு நிறத்தாரை இழிவுபடுத்தும் வேடத்தைக் கட்டினார். சொந்த அண்ணன் சீனாவிலே பணியாற்றியவர். தம்பியோ திரையிலே சீனரைப் பேயாக்கினார்! 1966இல் ஒரு தொலைக்காட்சித் தொடரிலே இந்திய மகாராஜாவாகவும் வந்தார். ஒப்பந்தத்தின் கட்டாயம் ஒரு பகுதி, காலத்தின் கோணல் ஒரு பகுதி என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கறை கறைதான். பிறரால் பேயாக்கப்பட்டவன், மற்றவனைப் பேயாக்காமல் இருக்கக் கற்கவேண்டும். இது அவருக்கு மட்டும் உரிய பாடமன்று, நமக்கும் உரியது.

முதுமையிலே இங்கிலாந்து திரும்பினார். மூட்டுவாதம் கால்களைப் பிடித்துக்கொண்டது. இரும்புப் பட்டை கட்டி நடந்தார். நுரையீரல் நைந்தது. சக்கர நாற்காலியிலே படப்பிடிப்புக்கு வந்து, காட்சிக்கு நேரமானதும் எழுந்து நின்று நடித்தார். ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்கமாட்டார். உழைத்துக்கொண்டே சாகவேண்டும் என்பதே அவர் விருப்பம்.

1968இல் வந்தது 'டார்கெட்ஸ்'. பீட்டர் போக்டனோவிச் என்ற இளைஞர் இயக்கிய முதற்படங்களுள் ஒன்று. அதிலே கார்லாஃப், கிட்டத்தட்டத் தம்மையே நடித்தார். பேய்ப்பட நடிகர் ஒருவர் முதுமை அடைந்துவிட்டார். நாட்டிலே நாள்தோறும் நடக்கும் கொலைகளின்முன் என் பேய் வேடம் யாரை அச்சுறுத்தும் என்று எண்ணித் தொழிலை விட நினைக்கிறார். மறுபுறம் அழகான முகம், அடக்கமான பேச்சு, நல்ல குடும்பம், இத்தனையும் உடைய இளைஞன் ஒருவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டுத் தள்ளுகிறான். கடைசியில், கோர முகத்து முதியவர் கைத்தடியோடு நடந்து சென்று, அந்த அழகு முகத்தானை அடித்து வீழ்த்துகிறார். மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ற அதே ஆண்டிலே வெளிவந்த படம்! பேய் எங்கே இருக்கிறது? முகத்திலா? நெஞ்சிலா? நாற்பது ஆண்டாக அவர் வேடங்கள் கேட்டு வந்த கேள்விக்கு அந்தப் படம் விடை சொல்லிற்று.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மூச்சு நின்றது. 1997இல் அமெரிக்க அரசு அவர் உருவத்தை அஞ்சல் தலையிலே பொறித்தது. அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் ஒன்றை அவரே கட்டிவிட்டுப் போயிருந்தார்.

2023ஆம் ஆண்டு. ஹாலிவுட் முதலாளிகளை எதிர்த்து நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை முதல் நவம்பர் வரை 118 நாள்! எதற்காக? ஊதியத்துக்காக மட்டுமன்று. துணை நடிகனின் முகத்தை ஒருமுறை கருவியிலே பதிவு செய்துகொண்டு, பிறகு அவன் இல்லாமலே, அவனுக்குக் கூலி கொடுக்காமலே, அந்த முகத்தை இயந்திரத்தால் ஆட்டிவைக்கும் காலம் வந்துவிட்டதே, அதற்கு வரையறை கேட்டு! உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து உயிரூட்டிய பிராங்கன்ஸ்டைன் கதை, கணிப்பொறி வடிவிலே திரும்பி வந்துவிட்டது. முகம் யாருக்குச் சொந்தம், முதலாளிக்கா, உழைப்பவனுக்கா என்ற கேள்வியோடு தெருவிலே நின்றது எந்தச் சங்கம்? 1933இல் ஒரு வீட்டின் கூடத்திலே ஒரு கைப்பிடிப் பேர் கூடித் தொடங்கினார்களே, அந்தச் சங்கத்தின் வழிவந்த சங்கம்! 2012இல் வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர் சங்கத்தோடு இணைந்து வலுப்பெற்ற சங்கம். இயந்திரப் படிமத்துக்கு நடிகனின் ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்திலே எழுத வைத்துவிட்டுத்தான் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

தோழர்களே, சங்கக் கூட்டம் என்றால் பத்துப் பேர்தானே வருகிறார்கள், இதனால் என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்கிறோம் நாம். கென்னத் தாம்சன் வீட்டுக்கு வந்தவர்களும் பத்துப் பேரை எட்டாதவர்கள்தாம். அவர்களில் ஒருவர், பகலெல்லாம் பேய் வேடம் போட்டுப் பிழைத்தவர். தொண்ணூறு ஆண்டு கழித்து, அவரைப் பார்த்தே இராத ஒரு துணை நடிகனின் முகத்தை முதலாளி திருடாமல் காக்கிறது அவர் அன்று போட்ட கையெழுத்து.

திரையிலே அவர் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டார்கள். சங்கப் பதிவேட்டிலே, ஒன்பதாம் எண்ணுக்கு நேரே, பெயர் தெளிவாக இருக்கிறது.